பிளக் கொடுத்த அத்தான்

எங்கள் தெருவில் ‘மூணு கேள்வி’ கடை எது என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கத்தான் செய்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் எதிரே இருக்கிற எனக்கே தெரியாது. என் அக்காவைக் கட்டியவர், என் அத்தான், அந்தக் கார் உதிரிபாகக் கடையை இருபத்திரண்டு வருடம் நடத்தினார். பெல்ட், ஃபில்டர், பிரேக் கட்டை எல்லாம்தான் விற்றார். ஆனால் அவர் உயிர் முழுக்க ஸ்பார்க் பிளக்கில் இருந்தது. விரல் நீளத்துக்குப் பீங்கானும் இரும்புமாக இருக்கும் அந்தச் சாமானுக்காகத் தனியே ஒரு மரப்பெட்டி அடித்து, நாற்பது அறை பிரித்து, ஒவ்வொன்றிலும் தன் கையால் எண் எழுதி ஒட்டியிருந்தார். அக்கா அதைத் துடைக்கப் போனால்கூட “தள்ளு, தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்பார்.

பிளக் வேண்டும் என்று வந்து நின்றவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். “டர்போவுல காத்தை எவ்வளவு ஏத்தப் போறீங்க? என்ன பெட்ரோல் போடுவீங்க? மலைப்பாதை ஏறுவீங்களா, ஊருக்குள்ள மட்டுமா?” மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வராவிட்டால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். ஒருவர் பொறுமை இழந்து கத்தியே விட்டார். “யோவ், நான் என்ன பொண்ணா கேட்டு வந்தேன்? பிளக்குதானே கேட்டேன்!” அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பொண்ணா இருந்தா ரெண்டு கேள்வியோட விட்டிருப்பேன்” என்றார்.

எதிரே இருப்பது என் கொட்டகை. டர்போ கார்களை ட்யூன் பண்ணுவது என் தொழில். அது என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இது புரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது. டர்போ என்பது எஞ்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறி. நான் கம்ப்யூட்டரை மாட்டி அந்தக் காற்றையும் பெட்ரோலையும் கூட்டிவிடுவேன். வண்டி பறக்கும். பறக்கிற வேகத்துக்கு உள்ளே சூடும் ஏறும். கம்பெனியில் போட்டு வருகிற பிளக் அந்தச் சூட்டைத் தாங்காது, அதன் முனை தணலாகிவிடும். தணலானால் பெட்ரோல் வேளை வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே ஏறி வருகிற பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி விழும். அதனால் ட்யூன் பண்ணுவதற்கு முன்னால் ‘ஒரு படி குளிர்ச்சியான’ பிளக் மாட்ட வேண்டும். குளிர்ச்சி என்றால் ஐஸ் பெட்டியில் வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏறுகிற சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடுகிற பிளக், அவ்வளவுதான்.

பிளக்கோடு என்னென்ன சேர்த்து மாட்டலாம் என்று போனில் பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள் பாருங்கள், அதில்தான் அத்தானுக்குத் தனி ருசி. பேனாவை எடுத்து வரிசையாக அடிப்பார். “இந்தப் புஸ்ஸுனு காத்து விடற வால்வு எதுக்கு?” “சத்தத்துக்கு அங்கிள்.” “ஏன், சத்தம் போட வீட்ல ஆள் இல்லையா?” சிவப்பு ரப்பர் குழாய், எரிகிற எழுத்து வைத்த மூடி எல்லாம் போகும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற புது ‘காயில்’, நல்ல கிளாம்ப், எஞ்ஜின் விடுகிற எண்ணெய்ப் புகையைப் பிடித்து வைக்கும் ஒரு டப்பா, காற்றழுத்தம் காட்டும் மீட்டர் — இவை தங்கும். அப்புறம் பிளக். முனைக்கும் கொக்கிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தகடு விட்டு அளந்து, ஒரு மயிரிழை குறைத்து, மறுபடி அளப்பார். நான்கு பிளக்குக்கும் நான்கு தடவை. பார்க்கிற நமக்குப் பொறுக்காது. “அத்தான், அதை மடியில வச்சுத் தாலாட்டுங்களேன்” என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பேன். “உன் வேலையைப் பாருடா மாப்ளே” என்பார்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காரை உருளைகள் மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் மெஷின் என்னிடம் உண்டு. எஞ்ஜினில் ஒரு மைக்கை ஒட்டி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்னத் தட்டல் வந்தாலும் பிடித்துவிடுவேன். தெருவில் எனக்குக் ‘காதுக்காரன்’ என்றே பெயர். கடைசி ஓட்டம் முடிந்ததும் எஞ்ஜின் ஆறும்வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றுவோம். அத்தான் பூதக்கண்ணாடியோடு தெருவைக் கடந்து வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பீங்கான் வெள்ளையாக வெந்திருக்கிறதா, பிஸ்டன் உருகி அலுமினியப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று. “போகலாம்” என்று அவர் சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் அதைத் தாண்டி ஒரு வண்டி போனதில்லை. ஒரே ஒரு வண்டி போனது.

அந்த வண்டிக்காரர் பல்செட் செய்பவர். வீட்டின் பின்னறையிலேயே பட்டறை. அச்செடுத்து, மெழுகு வார்த்து, பல் பல்லாகப் பொறுக்கி வைத்துச் செட் கட்டுவார். அதனால் அவருக்கு எங்கள் பக்கம் ‘பல்லு சார்’ என்று பெயர். தங்கமான மனிதர். ஒரு பழைய டர்போ காரை வாங்கி ஆறு வருடமாகக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். ட்யூன் பண்ண வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை, அதற்கும் அவர் மனைவிதான் “சும்மா சொல்லிட்டே இருக்காதீங்க, போய்ப் பண்ணிட்டு வாங்க” என்று விரட்டியிருக்கிறார். இதை அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். மூன்று கேள்விக்கும் பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அத்தானுக்கு அந்த ஒன்றே போதும், உச்சி குளிர்ந்துவிட்டது.

நாங்கள் வழக்கமாகப் போடுகிற கம்பெனியின் பிளக் அன்று இல்லை. இரண்டு வாரமாக வரவில்லை. இன்னொரு கம்பெனியின் சரக்கு இருந்தது, அதுவும் நல்ல சரக்குதான். ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. முதல் கம்பெனியில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. மற்றதில் தலைகீழ், எண் கூடினால் சூடு. இதைத் தெரியாமல் கொடுத்தார் என்று நினைத்தால் நீங்கள் அத்தானை அறியவே இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர். போன வருடம் நான் குழப்பியபோது, வாடிக்கையாளர் எதிரிலேயே, “இதுகூடத் தெரியாம எதுக்குடா கடை தொறந்தே?” என்று மானத்தை வாங்கினார்.

அன்றைக்கும் சுவரில் மாட்டியிருந்த ஒப்புப் பட்டியலைப் பார்த்தார். வண்டியோடு வந்த முதல் கம்பெனியின் ஏழுக்கு இதில் ஐந்து என்று விரல் வைத்துச் சரியாகக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒரு படி குளிர்ச்சி என்றால் நான்கை எடுத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஏழிலிருந்து எட்டுக்கும் எட்டிலிருந்து ஒன்பதுக்கும் போய்ப் பழகிய கை, ஆறை எடுத்தது. அவ்வளவுதான். அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, கடையில் கூட்டம்கூட இல்லை. ஒரு சாக்கு இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இடைவெளியை நான்கு தடவை அளந்தார். எண்ணை ஒரு தடவை திரும்பப் படிக்கவில்லை. அந்த நான்கு பிளக்கையும் வாங்கி மாட்டிய நானும் படிக்கவில்லை. அத்தான் கையால் வந்ததைச் சரிபார்ப்பதா? அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டியை உருளையில் ஏற்றினேன். ஆறு ஓட்டம் சுத்தமாக இருந்தது. ஏழாவதில், மேல் வேகத்தில், ஹெட்போனில் ஒரு தட்டல். தகரத்தில் சின்னக் கல் விழுந்த மாதிரி, ஒன்றே ஒன்று. நெருப்பு பற்றும் நேரத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளி தள்ளிப் போட்டேன். எட்டாவது ஓட்டம் சத்தமில்லை. சரியாகிவிட்டது என்று முடித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட தட்டல் ஏன் வந்தது என்று யோசிக்காமல் நான் விட்டதே இல்லை, அன்று விட்டேன். உருளை மெஷினுக்கு அடுத்த வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அத்தான் வெளியே போயிருந்தார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். பல்லு சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “பெரியவர் வந்து பிளக்கைப் பாக்கட்டும், நான் இருந்தே போறேன். ஒண்ணும் அவசரமில்லை” என்றார். நன்றாகக் கவனியுங்கள், இருக்கிறேன் என்று அவர் சொன்னார். போகச் சொன்னது நான்.

“அட, நீங்க கெளம்புங்க சார். வீட்ல காத்துட்டு இருப்பாங்க. திங்கக்கிழமை வாங்க, பிளக்கைக் கழட்டிப் பாத்துக்கலாம். மொதல் எரநூறு கிலோமீட்டர் மட்டும் கொஞ்சம் அடக்கி ஓட்டுங்க.”

இந்த ‘அடக்கி ஓட்டுங்க’ நான் எல்லோருக்கும் சொல்வது. முடிவெட்டுபவர் தலையைத் தட்டிவிடுகிற மாதிரி, வேலை முடிந்ததற்கு ஒரு அடையாளம். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. சார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புருஷன் பெண்சாதி இருவருமாக மலைப்பாதையில் போயிருக்கிறார்கள். மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துவிட்டாள். ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே நீளமாக வழி தெரிந்தது. “ஒரு தடவை மிதிச்சுத்தான் பாருங்களேன்” என்று மனைவி சொன்னாராம். மிதித்தார். லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் போனபோது எஞ்ஜினில் டமார் என்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை, வண்டி செத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, லாரிக்குப் பின்னால் ஒதுங்கவும் முடியவில்லை. வலது ஓரத்துக்கு ஒடித்திருக்கிறார், அதற்குள் வளைவிலிருந்து வந்த வேன் மனைவி உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. சாருக்குக் கையில் நாலு தையல். அந்த அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், முந்தப் போனதால் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். எஞ்ஜினைத் திறக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பத்து நாள் கழித்து நசுங்கிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்து என் கொட்டகையின் பின்பக்கம் போட்டார்கள். சார்தான் அங்கே போடச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதைத் திரும்பப் பார்க்கிற தெம்பு இல்லை.

அத்தான் அன்றே பிளக் ஸ்பானரோடு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளாமல் நான்கையும் கழற்றினார். முதல் பிளக் வெள்ளையாக வெந்திருந்தது. இரண்டாவதில் அலுமினியப் பொடி. மூன்றாவதில் முனையே இல்லை, உருகிப் போயிருந்தது. பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் அதைப் புரட்டி, பீங்கானில் இருந்த கரியை வேட்டி முனையால் துடைத்து, எண்ணைப் படித்தார்.

“ஆறு” என்றார்.

எண்ணெய்த் தரையென்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். “நாலு குடுக்கணும்டா மாப்ளே. நான் ஆறைக் குடுத்திருக்கேன். ஆறைக் குடுத்திருக்கேன்டா.” அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தவன், என்னை அறியாமல் உண்மையைக் கொட்டிவிட்டேன். “நானும் ஒரு தட்டல் கேட்டேன் அத்தான். ஏழாவது ஓட்டத்துல. கேட்டுட்டுத்தான் அனுப்பிச்சேன்.”

“அவர்கிட்ட சொல்லிடலாம்” என்றார் அத்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்னத்தைச் சொல்லுவீங்க? சொன்னா அந்தம்மா எழுந்து வந்துடுவாங்களா? கொட்டகையில ஆறு குடும்பம் சாப்பிடுது. உங்க கடை போச்சுன்னா அக்கா எங்க போவா? ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகலாமா, சொல்லுங்க!” கத்திக்கொண்டே அந்த நான்கு பிளக்கையும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பழைய இரும்பு லாரி அன்று சாயங்காலம் வர வேண்டியிருந்தது. அதில் போட்டேன். மறுவாரம் காரையும் சாரிடம் போனில் கேட்டு, நசுக்க அனுப்பிவிட்டேன். “உங்களுக்குத்தான் சிரமம்” என்று அவர் எனக்கு நன்றி சொன்னார். ஆறு குடும்பம், அக்கா, எல்லாம் வாய்க்கு வந்த காரணம். எனக்குப் பயம். அதுதான் முழுக் காரணம்.

அதற்குப் பிறகு அத்தான் கடையில் பிளக் விற்கவில்லை. யார் கேட்டாலும் “சரக்கு இல்லை” என்பார், பெட்டி நிறையச் சரக்கு இருக்கும். மற்ற சாமான் கொடுக்கும்போதும் எண்ணைப் படித்து, திரும்பப் படித்து, வாங்க வந்தவரையும் படிக்கச் சொல்வார். ஒரு ஃபேன் பெல்ட்டுக்கு அரை மணி நேரம். கூட்டம் மெல்ல வேறு கடைக்கு நகர்ந்தது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. “இந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சுடா” என்று அக்கா என்னிடம் வந்து அழுதாள். “வயசாகுதுக்கா” என்றேன். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு.

இந்த நிலையில்தான் சாரின் மகளைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அம்மாவைக் கொண்டுபோன அன்றே அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லையாம். ஏழு மாதமாகப் பேச்சும் இல்லை. “அடக்கி ஓட்டுங்கன்னு ட்யூன் பண்ணவங்க சொல்லித்தானே அனுப்பிச்சாங்க? நீங்க மிதிக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க.” இதுதான் அவள் சொன்னது. சாரும் அதை அப்படியே நம்பினார். “எம் பொண்ணு சொன்னதுல என்னங்க தப்பு? நான்தான் கொன்னேன்” என்று பல்செட் வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ட்யூனுக்கு வந்த ஒருவர் இதை என் கொட்டகையில் நின்று சொன்னபோது, அத்தான் எதிர்ப்பக்கம் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஷட்டரை இழுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். “அத்தான், நில்லுங்க!” என்று பின்னாலேயே ஓடினேன். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சார் பின்னறையில் வேலை செய்துகொண்டிருந்தார். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க வெள்ளை, இளமஞ்சள், பழுப்பு என்று நிறம் பிரித்த பற்கள். மேஜையில் ஒரு சின்ன நெருப்பு நீலமாக எரிந்தது. கையில் மெழுகுக் கத்தி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி தேடினார். அத்தான் உட்காரவில்லை.

“உங்க மேல தப்பே இல்லீங்க. நான் குடுத்த பிளக்குத் தப்பு. நாலு குடுக்கறதுக்கு ஆறைக் குடுத்துட்டேன். அதான் எஞ்ஜின் போச்சு. நீங்க மெதுவாப் போயிருந்தாலும் அடுத்த ஏத்தத்துல போயிருக்கும்.”

சார் கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தை நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக மூச்சை அடக்கி வைத்திருந்தவன் வெளியே விடுவது போல ஒன்று அந்த முகத்தில் வந்தது. “அப்போ... நான் மிதிச்சதால இல்லையா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லீங்க. சத்தியமா இல்லை.”

சார் எதையும் அளந்து பார்த்துப் பழகியவர். அரை மில்லி தப்பினால் வாயில் பல் உட்காராது என்று தெரிந்தவர். “பிளக்குத் தப்பா இருந்தா மெஷின்ல ஏத்தினப்பவே தெரிஞ்சிருக்குமே பெரியவரே? எட்டு தடவை ஓட்டினாரே, நான் பக்கத்துலதானே நின்னேன். இவர் காதுக்குத் தப்புமா?”

அத்தான் சொல்லியிருக்கலாம். இவன் கேட்டான், கேட்டுவிட்டு அனுப்பினான் என்று ஒரே வார்த்தை, எல்லாம் பொருந்திவிடும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவன் மேல ஒண்ணும் இல்லீங்க. தப்பு என்னோடது மட்டும்தான்” என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

அந்த மனிதரின் கண் என்னைக் கெஞ்சியது. கேட்டது என்று நான் சொல்ல வேண்டும் என்று கெஞ்சியது.

“இல்லீங்க. சுத்தமா இருந்துச்சு” என்றேன். அதோடு விட்டேனா பாவி? “அத்தானுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லீங்க. எதையாவது போட்டுக் கொழப்பிக்கறாரு.”

சார் முகத்தில் வந்த அது வந்த வழியே போய்விட்டது. மேஜையைச் சுற்றி வந்து அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எனக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்க வந்தீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்? ஆனா வேண்டாங்க. என் பாவத்தை நான் சுமந்துக்கறேன்.” அத்தான் தலையைத் தலையை ஆட்டினார். “நான் சொல்றது நெசம்ங்க, நெசம்ங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல, நான் சொன்னதுதான் உறுதியாயிற்று.

திரும்பி வரும் வழியில் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முச்சந்தியில் நின்று, “அவர் கேட்டது உன்னை மாப்ளே” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை.

சாரிடம் மட்டும் பேசுவார். ஏனென்றால் சார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்துவிட்டார். தன் துக்கத்தால்தான் இந்த மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி, கேட்டீர்களா கொடுமையை! பழம் வாங்கிக்கொண்டு வருவார். அத்தான் கட்டிலில் சாய்ந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சரக்கு வராத கதை, சுவரில் இருந்த பட்டியல், ஐந்தில் வைத்த விரல், ஆறை எடுத்த கை. ஒரு தாளில் எண்களை எழுதிக் காட்டுவார். சார் “ஆமாங்க, ஆமாங்க” என்று ஜுரக்காரருக்குச் சொல்வது போலச் சொல்லி, போர்வையை இழுத்துவிடுவார். அக்கா மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் அத்தானுக்கு நாக்குக் குழறும். மறுக்காமல் போட்டுக்கொள்கிறார். கடையை மூடிவிட்டோம். பிளக் பெட்டியை நானே ஒருவருக்கு விற்றுக் கொடுத்தேன்.

போன ஞாயிறு நான் அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்து எலும்பைப் பார்த்தவுடன் சாரின் மகள் என்று தெரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

“நீங்கதானே அங்கிள் ட்யூன் பண்ணது?”

“ஆமாம்மா.”

“உள்ள இருக்கற பெரியவர் அப்பா மேல தப்பில்லைன்னு சொல்றாராமே. பக்கத்து வீட்ல சொன்னாங்க.” இன்னும் கிட்டே வந்தாள். “அதுல ஏதாவது உண்மை இருக்கா அங்கிள்? துளி இருந்தாக்கூட சொல்லுங்க. நான் அப்பாகிட்ட பேசிடறேன். எனக்கும் பேசாம இருக்க முடியலை.”

ஜன்னல் திறந்திருந்தது. கொழகொழவென்று அத்தானின் குரல் வந்தது. ஐந்து என்கிறார், நான்கு என்கிறார், ஆறு என்கிறார். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லம்மா” என்றேன். “அவருக்கு உடம்பு சரியில்லை.”

தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போனேன். சார் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாகக் கட்டிலோரம் நின்று, “இதைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க, எல்லாம் சரியாயிடும்” என்று என் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.